கரும்புகைக்கு முதல் சந்தேகம் ஓஸ் மேல்தான்

எஃப்சி (தகுதிச் சான்று) தேதி நெருங்கினால்தான் பழைய வண்டிக்காரர்களுக்குப் புகையின் ஞாபகம் வரும். டிஎன் 21 போர்டு போட்ட மினி லாரிகள் ஒவ்வொன்றாக என் பட்டறைக்கு வந்து நிற்கும். "அண்ணே, டீசல் பம்ப்பைக் கழட்டணுமாம், பெரிய செலவு சொல்றாங்க" என்பதுதான் வந்தவுடன் அவர்கள் பேச்சு. நான் பம்ப்பைத் தொடுவதில்லை. முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பேன். அது சுத்தமாக இருந்தால் அடுத்ததாக டைனமோவுக்குப் பின்னாலிருந்து கிளம்பும் ரப்பர் ஓஸ்களை விரலால் தடவிக்கொண்டே போவேன்.

பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியை ஒரு தகடு பாதி மூடியிருக்கும். இன்ஜின் இழுக்க இழுக்க அதற்குப் பின்னால் தானாகவே வெற்றிடம் உண்டாகிவிடும். பழைய டீசலில் பெரும்பாலும் அந்தத் தகடு கிடையாது. அதனால் வெற்றிடத்துக்கென்றே தனியாக ஒரு பம்ப் வைக்க வேண்டியிருக்கிறது. பல சின்ன டீசல் வண்டிகளில் அது டைனமோவின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் அதை 'வேக்கம் பம்ப்' என்போம். அதிலிருந்து தடித்த ஓஸ் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகும். மெல்லிய ஓஸ் ஒன்று சொலினாய்டு வழியாக ஈஜிஆர் வால்வுக்குப் போகும்.

இந்த ஈஜிஆர் வால்வின் வேலை, எரிந்து முடித்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது. அப்படி விட்டால் எரியும் சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உண்டாகும். ஆனால் லோடோடு ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜினுக்கு நல்ல காற்று முழுசாக வேண்டும், அந்த நேரத்தில் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று வேக்கத்தை விட்டும் நிறுத்தியும் வால்வை நடத்துவது சொலினாய்டுதான்.

எங்கள் ஊர் ராஜாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஓட்டும் தம்பி ஒருவர் கொண்டுவந்த பிஎஸ்-3 வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். மிதித்தால் சைலன்சரிலிருந்து கரும்புகை கொட்டியது. பானெட்டைத் திறந்தால், சொலினாய்டுக்குப் போக வேண்டிய ஓஸ் நேராக ஈஜிஆர் வால்வில் மாட்டியிருந்தது. ஓஸின் நுனி சூட்டில் காய்ந்து விண்டுபோயிருக்கிறது. மீதி நீளம் சொலினாய்டுக்கு எட்டவில்லை. வழியில் யாரோ கைக்கு எட்டிய இடத்தில் செருகி அனுப்பிவிட்டார்கள். வேக்கம் முழுசாக வால்வுக்கே போனதால் அது ஒருபோதும் மூடவில்லை. நல்ல காற்று நுழைய வேண்டிய இடத்தில் பழைய புகை உட்கார்ந்திருக்க, டீசல் பாதி எரிந்து கரியாக வெளியே வந்தது. புது ஓஸ் போட்டு, வால்வின் வாயில் படிந்திருந்த கரியைச் சுரண்டியதும் புகை அடங்கியது. டீசல் பம்ப்பில் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பவில்லை.

புகைச் சோதனையில் என்ன பார்க்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இன்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரைக் கடைசி வரை அழுத்தி விடுவார்கள். சைலன்சரில் செருகிய குழாய் வழியாக வரும் புகை, வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று மீட்டர் சொல்லும். 0 என்றால் தெளிவு, 100 என்றால் முழு இருட்டு. பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65, பிஎஸ்-4க்கு 50. அதைத் தாண்டக் கூடாது. பழைய வண்டிக்குப் புகைச் சோதனைச் சர்டிபிகேட் ஆறு மாதம்தான் செல்லும். இல்லாமல் ஓட்டினால், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம்.

மீட்டருக்குத் தெரிவது கரி மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு அதன் கண்ணில் படாது. இதைத் தெரிந்துகொண்டு, ஈஜிஆர் ஓஸுக்குள் பேரிங் குண்டு ஒன்றைத் திணித்து அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். வால்வு திறக்கவே திறக்காது, கரும்புகை குறையும், சர்டிபிகேட் கிடைக்கும். விண்டுபோன ஓஸில் வேக்கம் கசிந்தாலும் இதே கதைதான். வண்டி நன்றாக இருப்பது போலவே தோன்றும். கண்ணுக்குத் தெரியாத வாயு மட்டும் கூடிக்கொண்டே போகும். எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் நெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? காலைக் குழிக்குள் விட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்வார்கள். தெருவில் போகும் லாரியின் சைலன்சர் உயரத்தில்தான் அவர்கள் முகம் இருக்கிறது. அவர்கள் நுரையீரலுக்குள் போவதை மீட்டர் காட்டவில்லை என்பதற்காக ஓஸை அடைக்க என் கை வராது. அடைத்துத் தரச் சொல்பவர்களை வேறு பட்டறை பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

கலிபோர்னியாவின் 'ஸ்மாக் செக்' சோதனையில் பானெட்டைத் திறந்து, வேக்கம் ஓஸ்கள் இருக்கின்றனவா, சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்க்கிறார்கள். எந்த ஓஸ் எங்கே போகிறது என்ற படத்தையே அமெரிக்க வண்டிகள் பலவற்றில் பானெட்டுக்கு அடியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நம் புகைச் சோதனையிலும் இப்படிப் பானெட்டைத் திறந்து பார்ப்பது வர வேண்டும். பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் உதவாது. ஓட்டை உள்நோக்கி இழுப்பதால் நுரை எழும்பாது. மீட்டர் வைத்த கைப் பம்ப்பை ஒவ்வொரு ஓஸாக மாட்டி, பாதரசக் கணக்கில் 500 மில்லிமீட்டர் வரை இழுத்து நிறுத்துவேன். முள் அசையாமல் நின்றால் ஓஸ் நல்லது. மெல்ல இறங்கினால், ஓஸை வளைத்து வளைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் நுனியிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இருக்கும். நீளம் மிச்சமிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். இல்லையென்றால் புதிது. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண டீசல் ஓஸை வாங்கிவராதீர்கள். வேக்கம் இழுத்ததும், அடைபட்ட ஸ்ட்ராவில் ஜூஸை உறிஞ்சினாற்போல அது ஒட்டிப்போகும். உள்விட்டம் பழைய ஓஸின் அளவே இருக்க வேண்டும், சுவர் தடிமனாக இருக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஓஸிலும், அது போய்ச் சேரும் முனையிலும் ஒரே நிறத்தில் நூல் கட்டிவிடுவேன். தறிக்காரர் வீடுகளில் அறுத்துப் போட்ட கலர் நூலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. சிவப்பு சிவப்போடு, பச்சை பச்சையோடு. மாற்றி மாட்ட வழியே கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகு, புகை பார்க்க அனுப்பும் முன் பிரேக்கைப் பார்ப்பேன். அதே வேக்கம்தானே அதற்கும் போகிறது. இன்ஜினை அணைத்து, மிதி கல்லாகும் வரை நாலைந்து முறை அழுத்த வேண்டும். காலை எடுக்காமலே வண்டியை ஸ்டார்ட் செய்தால், மிதி காலடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பூஸ்டருக்கு வேக்கம் போய்ச் சேரவில்லை. அந்த வண்டியை, சர்டிபிகேட்டுக்கு எவ்வளவு அவசரம் என்றாலும், பட்டறை வாசலைத் தாண்ட விடமாட்டேன்.