மாமிசப் பண்டங்களிற் செயற்கைச் சாயம்

கபாப், பொரித்த கோழி முதலிய மாமிசப் பண்டங்கள் செக்கச்செவேலென்று இருந்தாலன்றி விலைபோகா என்னும் எண்ணம் வியாபாரிகளிடையே வேரூன்றியிருக்கின்றது. அச்சிவப்பு மிளகாயினால் வந்ததா, செயற்கைச் சாயத்தினால் வந்ததா என்று கண்ணாற் கண்டறிதல் அரிது. 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கர்நாடக சர்க்கார் 39 கபாப் மாதிரிகளைச் சோதித்து, 8-ல் செயற்கைச் சாயம் இருக்கக் கண்டு, கபாபில் அதனைச் சேர்ப்பதை அறவே தடுத்தனர். இது கடைக்காரர் பாடு என்று நிலமுடையோர் வாளாவிருத்தல் கூடாது. காரணம் பின்னர் விளங்கும்.

இரசாயன சாலையிற் செய்யும் பழைய சோதனை மிக எளியது. மாமிசத்தை நன்றாய் மசித்து, கொழுப்பை நீக்கி, அம்மோனியா கலந்த சாராயத்தில் ஊறவைத்துச் சாயத்தை இறக்குவர். வடித்த நீரிற் சிறிது புளிப்புத் திராவகம் சேர்த்து, வெள்ளை ஆட்டுரோம நூலை இட்டுக் காய்ச்சுவர். செயற்கைச் சாயம் நூலைப் பற்றிக்கொள்ளும். இயற்கை வர்ணமோ பெரும்பாலும் கழுவினாற் போய்விடும். பற்றிய சாயத்தை மீண்டும் அம்மோனியா நீரிற் பிரித்து, வடிகட்டுந் தாளில் புள்ளியாக இட்டு, தெரிந்த சாயங்களோடு ஒப்பிட்டுப் பெயரறிவர். அளவறிவதற்கு நுண்ணிய யந்திரங்கள் உள்ளன.

ஆயின் சூடான் என்னும் சாயவகை இந்த ரோம நூலுக்கு அகப்படுவதில்லை. அது நீரிற் கரையாது, எண்ணெயிற் கரைவது. மெழுகுக்கும் பாதரட்சை மெருகுக்கும் ஏற்பட்டது. அதனைத் தனித் திராவகங்களாற் பிரித்து யந்திரத்தினாலேயே காணவேண்டும். சூடான் 1 விலங்குகளிடம் புற்றுநோய் விளைவித்தமையால் உணவிற் சேர்க்க அனுமதியில்லை.

2003-ல் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ச் சரக்கில் இச்சாயம் இருப்பதைப் பிரான்ஸ் தேசத்தார் கண்டனர். அவ்வருஷமே ஐரோப்பிய ஒன்றியத்தார், சோதனைப் பத்திரமில்லாத மிளகாயை இறக்குதலாகாது என்று விதித்தனர். 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் இன்னும் பெரிய சங்கடம் நேர்ந்தது. சாயம் கலந்த மிளகாய்ப்பொடி ஒருவகைக் குழம்பிற் சேர, அக்குழம்பு மாமிசப் பணியாரங்களிலும் ஸாஸேஜிலும் சேர்ந்திருந்தது. 400-க்கு மேற்பட்ட பண்டங்களைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தனர். கலந்தவன் எங்கோ இருக்க, மிளகாய் விளைவித்தவர் அனைவர்மீதும் ஐயம் படிந்தது.

ஆகையால் வற்றலுக்கு மினுமினுப்பூட்ட எவரேனும் வர்ண எண்ணெய் கொண்டுவரின் ஏற்கவேண்டா. லிக்விட் பாரபினில் நனைத்த பஞ்சினால், தோல் உடையாத வற்றலைத் தேய்த்துப் பார்க்கலாம். பஞ்சு சிவந்தால் மேற்சாயம் பூசியிருக்கின்றதென்று ஐயுறல் வேண்டும்.

2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் வயலில் விளைவிப்போரைக் கட்டுப்படுத்துவதில்லை. பொடியாக்கி வியாபாரஞ் செய்வோரைக் கட்டுப்படுத்தும். மாதிரி எடுக்கும் அதிகாரி அதனை நான்கு பாகமாக்கி முத்திரையிடுதல் வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைக்கு அனுப்பும்படி, செலவைத் தாமே ஏற்று, சரக்குக்காரர் கேட்கலாம். இவ்வுரிமையை அறியாதோர் பலர். கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லுதல் நலம். சோதனையாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தருவர். அதன்மீது 30 நாட்களுக்குள் அப்பீல் செய்துகொள்ளலாம். மாதிரி எடுத்த அன்றே மூட்டை எண்ணையும், வற்றலை விற்றவர் பெயரையும் கணக்கிற் குறித்து வைத்துக்கொள்க.