"சும்மா கெடக்கிற" பத்துச் சென்ட்

நாகர்கோவிலைச் சுற்றி வயலும் தோப்பும் பிளாட்டான இடங்களில், ஒரு மூலை மட்டும் வீடு கட்டாமல் கிடக்கும். தொட்டாவாடி படர்ந்திருக்கும், தேங்காய்த் தொண்டும் உடைந்த ஓடும் டைல்ஸ் துண்டும் குவிந்திருக்கும். "யாருக்க எடம் இது?" என்று கேட்டால், "சும்மா கெடக்கு" என்பார்கள். பல நேரம் அது பூங்காவுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட பொது இடம்.

2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு (சுமார் 74 சென்ட்) மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதம் திறந்தவெளியாக விடவேண்டும். அளவு சிறிதானால் பதிலுக்குப் பணம் கட்டவும் வழியுண்டு. விட்ட இடத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டும். அங்கேதான் சிக்கல். பத்திரம் அலுவலகத்தில் இருக்கும். தரையில் வேலியோ போர்டோ இருக்காது. முதலில் ஒருவர் கார் நிறுத்துவார், பிறகு ஷெட் வரும்.

உங்கள் பிளாட் பத்திரத்தோடு வந்த மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூங்கா இடம் அதில் குறித்திருக்கும். அங்கீகார எண்ணைச் சொல்லி மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ தானப்பத்திர நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 20.10.2016-க்கு முன் அங்கீகாரமில்லாமல் போட்டு, பின்னால் வரன்முறை செய்த மனைப்பிரிவுகளில் இப்படி ஓர் இடமே இல்லாமல் இருக்கலாம்.

காலியாகத் தெரிவதெல்லாம் இந்த வகை அல்ல. கோவில் திடல் தேவசத்துக்குச் சொந்தமாக இருக்கும். குளத்துப் புறம்போக்கில் பூங்கா என்ற பெயரிலும் மண் அடிக்கக் கூடாது. குளம் உள்ளிட்ட கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2011-லேயே உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

இடம் உறுதியானால் என்ன செய்யலாம்? சென்னை மாநகராட்சி இத்தகைய திறந்தவெளி ஒதுக்கீட்டு இடங்களில், மழைநீர் நின்று மண்ணில் இறங்கும் பூங்காக்களை அமைத்துவருகிறது. ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் பெறும் நமக்கும் அது பொருந்தும் என்று தோன்றும். ஆனால் வயலை மண் போட்டு மேடாக்கிய பிளாட்டில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே குழி வெட்டினால் கொசுதான் மிஞ்சும். நிழல்மரமும் விளையாட இடமும் போதும். சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிய அரசு நிலத்தை, 'நிழல்' அமைப்பினர் 2006 முதல் மரப்பூங்காவாக்கினார்கள். நட்டதைவிட, தொடர்ந்து ஆள் வைத்துப் பராமரித்ததுதான் அதில் பெரிய வேலை.

செலவுக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது: குடியிருப்போர் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும். எஸ்டிமேட்டில் ஊஞ்சலுக்கு முன்னால் சுற்றுவேலியும் சர்வே எண் எழுதிய போர்டும் இருக்கட்டும்.