கொம்மாதுறை என்னும் கோப்புறை

1978 நவம்பரிலே வீசிய சூறாவளியும், அதன்பின் தொடர்ந்த நீண்ட யுத்தமும், இடப்பெயர்வுகளும், மாரிதோறும் வந்துபோகும் வெள்ளமும் காகிதத்தின் ஆயுளைப் பெரிதும் குறைத்துவிட்ட பிரதேசம் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசம். ஆகையால், ஏறாவூரிலே ஒரு வீட்டுப் பெட்டகத்தில் எஞ்சியிருக்கும் காணி உறுதியையும், பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரையும், பள்ளிவாசலின் கணக்குப் புத்தகத்தையும், பக்கத்துக் கிராமத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலரையும் கைத்தொலைபேசியாலே படம்பிடித்துக் கணினியிற் சேமித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் ஓர் இளைஞருக்கு உண்டாகுமானால், அதைவிட நல்ல எண்ணம் வேறொன்று இருத்தல் அரிது. ஆனால் சேமித்தல் ஒன்று, சேமித்ததை மீண்டும் கண்டெடுத்தல் வேறொன்று. ஆயிரக்கணக்கான படங்களுக்கிடையே வேண்டியதொன்றைக் காட்டித்தருவது, அதற்கு நாம் இட்ட பெயரும், அது உறைகின்ற கோப்புறைகளின் வரிசையுமே. இவ்விரண்டும் சேர்ந்ததைத்தான் கணினியாளர் பாதை என்கிறார்கள். பேச்சிலே ‘பாத்’ என்பார்கள். ‘பாத் பிழைச்சுப் போச்சு’ என்று ஒரு நிரலாளர் சொல்லக் கேட்டால், கோப்பு இருக்கிறது, ஆனால் அதனைச் சென்றடையும் வழி தவறிவிட்டது என்று பொருள்.

ஒரு கோப்புறைக்குள்ளே இன்னொன்று, அதனுள்ளே மற்றொன்று என்று கிளைகிளையாய்ப் பிரியும் இந்த ஏற்பாடு, மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்புக்காக டேலி, நியூமன் என்ற இரு அறிஞர்கள் 1965 ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையிலே தெளிவாக வகுக்கப்பட்டது. பின்பு 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ், கோப்புறைகளின் பெயர்களைப் பிரித்துக்காட்டுவதற்கு / என்ற சாய்கோட்டை எடுத்துக்கொண்டது. மைக்ரோசொஃப்ட் நிறுவனமோ, 1983 இல் எம்எஸ்-டொஸ் அமைப்பின் இரண்டாம் பதிப்பிலே கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, அந்தச் சாய்கோடு கட்டளைகளுக்குரிய விருப்பக் குறியாக ஏற்கெனவே வழக்கிலிருந்தமையால், எதிர்ப்புறம் சாய்ந்த \ குறியைத் தெரிந்துகொண்டது. பழைய மக்கின்டொஷ் கணினிகள் முக்காற்புள்ளியை உபயோகித்தன. இன்று விண்டோஸ் கணினியிலே எழுதப்பட்ட ஒரு நிரல் லினக்ஸ் கணினியிலே தடுமாறுவதற்குரிய பல காரணங்களில் மிகப் பழையது இந்த வேற்றுமையே.

ஏறாவூருக்குப் புதிதாய் வரும் ஒருவருக்கு வீட்டை இரண்டு விதமாகச் சொல்லலாம். மட்டக்களப்பு மாவட்டம், ஏறாவூர் நகர்ப் பிரதேச செயலகப் பிரிவு, இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவு, இன்ன வீதி, இன்ன இலக்கம் என்று கச்சேரியிலிருந்து தொடங்கி வீட்டுப் படலை வரையிற் சொல்வது ஒரு விதம். ‘இந்த ஒழுங்கையால போய் ரெண்டாம் வளவு’ என்பது மற்றொரு விதம். முன்னையதை எங்கே நின்று கேட்டாலும் பொருள் மாறாது. பின்னையது, கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கணினியிலும் முழுப்பாதை, சார்புப்பாதை என்று இரண்டு உண்டு. தம் கணினியிலே செவ்வனே இயங்கிய நிரல் நண்பரின் கணினியிலே கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடுவதற்கு, ஒழுங்கையின் பெயரை மாத்திரம் சொல்லி எந்த ஊர் என்பதைச் சொல்லாது விட்டமையே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

நிரலாளர்கள் நெடுங்காலமாகப் பாதையை வெறும் எழுத்துச் சரமாகவே பாவித்துவந்தார்கள். ஒரு சரத்தையும் இன்னொரு சரத்தையும் இடையிலே ஒரு சாய்கோடிட்டு ஒட்டிவிட்டால் பாதை ஆயிற்று என்பது அவர்களது சம்பிரதாயம். அதனால் விளையும் அனர்த்தங்கள், நம் ஊர் விஷயங்களைச் சேமிக்கும்போது உடனே வெளிப்படுகின்றன. இலங்கையிலே ஒரு வளவைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இடங்களில் வீட்டிலக்கம் 45/2 என்றே அமைந்திருக்கும். அவ்விலக்கத்தையே பெயராக வைத்து உறுதியின் படத்தைச் சேமிக்க முயன்றால், கணினி அதனை 45 என்ற கோப்புறைக்குள்ளே 2 என்ற கோப்பு என்று விளங்கிக்கொள்ளும். நெல் என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதி ஒரு கோப்புறைக்குப் பெயரிட்டவர், பைதன் மொழியிலே எதிர்ச்சாய்கோட்டையும் அப்பெயரையும் அடுத்தடுத்து எழுதினால், எதிர்ச்சாய்கோடும் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்து புதிய வரியைக் குறிக்கும் அடையாளமாகிவிட, பாதை நடுவிலே முறிந்துவிடும்.

குய்டோ வான் ரொசம் 1991 இல் வெளியிட்ட பைதன் மொழியின் நியம நூலகத்திலே, பாதைகளைக் கையாளுவதற்கென ‘ஓஎஸ்.பாத்’ என்ற கூறு ஆரம்பகாலந்தொட்டே இருந்துவருகிறது. எனினும் அதுவும் சரங்களை வாங்கிச் சரங்களையே திருப்பித்தந்தது. அன்ட்வான் பித்ரூ என்பவர் முன்மொழிந்து, 2014 மார்ச்சில் வெளிவந்த பைதன் 3.4 இலே சேர்க்கப்பட்ட ‘பாத்லிப்’ என்ற கூறுதான், பாதை என்பது எழுத்துக்கோவை அன்று, தனக்கென உறுப்புகளையுடைய ஒரு பொருள் என்ற கொள்கையை அம்மொழியிலே ஸ்தாபித்தது. அதன்படி ஒரு பாதையைப் பார்த்து, உன் தாய்க்கோப்புறை எது, உன் பெயர் என்ன, அப்பெயரிலே வகையைக் காட்டும் பின்னொட்டு எது என்று தனித்தனியே கேட்கலாம். வகுத்தற் குறியாகிய சாய்கோட்டையே இணைக்கும் குறியாகக் கொண்டு இரண்டு பாதைகளைச் சேர்க்கலாம். சேர்ந்தபின் அது விண்டோஸிலே எதிர்ச்சாய்கோட்டோடும், லினக்ஸிலே நேர்ச்சாய்கோட்டோடும் தானே அமையும். வட்டைத் தொடாமலே பாதையை மட்டும் ஆராய்வதற்குத் ‘தூய பாதை’ என்றொரு வகையும் அதிலே உண்டு. விண்டோஸ் கணினியிலிருந்து வந்த பட்டியலொன்றை லினக்ஸ் கணினியில் வைத்துப் பிரித்தறிவதற்கு அது மிகவும் சௌகரியமானது.

நூலகம் இருப்பதனால் நிரலாளரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ‘ஏ.எல்.வினாத்தாள்’ என்று பெயரிட்ட ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். கடைசிப் புள்ளிக்குப்பின் வருவதே பின்னொட்டு என்பது பாத்லிப்பின் விதியாதலால், பின்னொட்டை மாற்று என்று கட்டளையிட்டால், வினாத்தாள் என்ற சொல்லே மறைந்துபோய் ‘ஏ.எல்’ மாத்திரம் எஞ்சும். பெயருக்குமுன் முதலெழுத்துகளைப் புள்ளியிட்டு எழுதும் நமது வழக்கத்துக்கும் இதே ஆபத்து உண்டு. அன்றியும், இணைக்கப்படும் இரண்டாவது பாதை சாய்கோட்டிலே தொடங்கும் முழுப்பாதையாயிருப்பின், முதலாவது முற்றாகக் கைவிடப்படும். ஆகவே வெளியார் தரும் பெயரை அப்படியே இணைப்பவர், தம் கணினியின் எந்த மூலையையும் அவர் கையிற் கொடுத்துவிடுகிறார்.

இனி எழுத்தின் விஷயத்துக்கு வருவோம். யூனிகோட் பரவுமுன்னர் இலங்கையிலே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவிலே, மகரம் ஆங்கிலக் ‘கே’ எழுத்தின் இடத்திலும், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்திலும், ஈகாரம் < என்ற குறியின் இடத்திலும் அமர்ந்திருந்தன. ஆவணத்தின் தலைப்பை அப்படியே எடுத்துக் கோப்புக்குப் பெயராக இட்டால், திரையிலே தோன்றுவது தமிழன்று. அரைப்புள்ளிகள் இடையிடையே விரவிய ஆங்கில எழுத்துகளே தோன்றும். யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளின் கட்டளை வரியிலே அரைப்புள்ளி ஒரு கட்டளையின் முடிவைக் குறிப்பதாதலால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பெயர் அறுந்துவிடும். < குறியையோ விண்டோஸ் கோப்புப் பெயர்களில் ஏற்பதேயில்லை. ஆகவே தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில எழுத்திற் பெயரிடும் பழக்கம் வேரூன்றிற்று. அக்காலத்திலே அதற்கு நியாயம் இருந்தது. இன்றும் அதையே தொடர்வதற்கு நியாயம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

1991 இல் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டில் கென் தொம்சனும் ரொப் பைக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையை வகுத்தார்கள். அம்முறையிலே ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ஏறாவூர் என்பது நம் கண்ணுக்கு நான்கெழுத்து. யூனிகோட்டுக்கு, துணைக்காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதனால், ஏழு குறி. லினக்ஸ் வட்டிலே 21 பைட். மட்டக்களப்பு என்ற எட்டெழுத்துப் பெயருக்கு 36 பைட் ஆகிறது. லினக்ஸிலே சாதாரணமாக உபயோகிக்கப்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட் வரையில்தான் இடங்கொடுக்கும்; அதாவது தமிழிலே 85 குறிகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையோ பைட்டை எண்ணாமல் வேறு அலகை எண்ணுவதனால், தமிழுக்கும் 255 குறிகளை அனுமதிக்கிறது. நூலின் தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்து விண்டோஸிலே நீளமாகப் பெயரிட்டு வைத்த கோப்பு, லினக்ஸ் வழங்கிக்கு ஏற்றப்படும்போது மறுக்கப்படுவதன் காரணம் இதுவே.

இவை யாவும் கண்ணுக்குத் தெரிகின்ற இடர்கள். தெரியாத இடரொன்று உண்டு. செங்கலடிக்கு அயலிலுள்ள கொம்மாதுறை என்ற ஊரின் பெயரை ஒரு கோப்புறைக்கு இட்டதாகக் கொள்வோம். அதன் முதலெழுத்தாகிய கொ என்பதை யூனிகோட்டிலே இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தல் ஒன்று, ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக எழுதுதல் மற்றொன்று. திரையிலே இரண்டும் ஒன்றேபோல் நிற்கும். கூர்ந்து நோக்கினாலும் பேதம் தெரியாது. ஆயினும் முன்னையது முழுப்பெயருக்கும் 30 பைட், பின்னையது 33 பைட். பைட்டுகளை மாத்திரமே ஒப்பிடும் லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். அப்பிள் நிறுவனம் 1998 இல் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை எல்லாப் பெயர்களையும் பிரித்தெழுதியே வட்டில் வைத்தது. 2017 இல் அதற்குப் பதிலாக வந்த முறைமை, கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. ஆதலால் பழைய மக்கின்டொஷிலே சேமித்த கோப்புறைகளை லினக்ஸுக்கு மாற்றியபின், அவற்றைத் தேடிச்செல்லும் நிரல் ஏறாவூரைக் கண்டுகொள்ளும், செங்கலடியையும் வந்தாறுமூலையையும் கண்டுகொள்ளும். கொம்மாதுறையையும் கோறளைப்பற்றையும் மாத்திரம் இல்லையென்று சொல்லும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் ஔ என்ற உயிரெழுத்தும் மட்டுமே இவ்வாறு பிரியக்கூடியவை என்பதை அறியாதவர், இந்தத் தெரிவின் காரணத்தை எத்தனை நாள் ஆராய்ந்தாலும் காணமாட்டார்.

பாத்லிப் இதனைத் தானாகச் சீர்செய்வதில்லை. கொடுத்த பெயரை மாற்றுவது நூலகத்தின் வேலையன்று என்பது அதன் நிலைப்பாடு, அது சரியானதுங்கூட. சீர்செய்வதற்கு ‘யூனிகோட்டேட்டா’ என்ற வேறொரு கூறு அதே நியம நூலகத்தில் இருக்கிறது. பெயர் உள்ளே வரும் வாசலிலேயே ஒருமுறை அதனைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் ‘ஏறாவூர்ப்பற்று’ என்று ஒருவரும் ‘ஏறாவூர் பற்று’ என்று இன்னொருவரும் எழுதுவார்களானால், அவ்வேற்றுமையை எந்த நூலகமும் தீர்த்துவைக்காது. எழுதுகிறவர்கள் கூடி ஒன்றைத் தீர்மானிக்கவேண்டியதுதான்.

பைதன் செய்த இன்னொரு நன்மையைக் குறிப்பிடாமல் விடலாகாது. டிஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களிலே பெயரிடப்பட்ட கோப்புகளை யூடிஎஃப்-8 ஆக வாசிக்க முயன்றால் பொருந்தாத பைட்டுகள் எதிர்ப்படும். 2009 இல் வெளிவந்த 3.1 ஆம் பதிப்பிலே, மார்ட்டின் வான் லோவிஸ் என்பவரின் யோசனைப்படி, லினக்ஸிலே அத்தகைய பைட்டுகளை எறிந்துவிடாமல் ஓர் ஒதுக்கிடத்திலே பத்திரப்படுத்தி, திரும்ப எழுதும்போது அப்படியே மீட்டுக்கொடுக்கும் உபாயம் சேர்க்கப்பட்டது. பெயரை வாசிக்க முடியாவிட்டாலும் கோப்பைத் திறக்க முடிகிறது. பழைய தமிழ்ச் சேகரங்களை மீட்பவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை மறக்கவியலாத ஒரு சமூகத்திலிருந்து 2005 இலே தோன்றிய நூலகம் எண்ணிம நூலகம், இந்த இக்கட்டுகளை வேறொரு வழியிலே கடந்தது. அங்கே கோப்புகளின் பாதையிலே தமிழ்த் தலைப்பு வருவதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் இலக்கம், நூறு நூல்களுக்கு ஒரு கோப்புறை. உதாரணமாக, 1774 ஆம் இலக்கத்துக்குரிய நூல் 18 என்ற கோப்புறைக்குள்ளே 1774 என்ற கோப்புறையில் இருக்கும். தலைப்பும் ஆசிரியர் பெயரும் பட்டியலிலே தமிழில் நிற்கின்றன. பல்லாயிரம் நூல்களைப் பல்லாண்டு காக்கவேண்டிய ஸ்தாபனத்துக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. எழுத்துப்பிழையொன்றைப் பின்னர் திருத்தினாலும் பாதை மாறுவதில்லை.

ஏறாவூரிலே தம் வீட்டுக் காகிதங்களைச் சேமிக்கும் ஒருவருக்கு அத்தனை கட்டுப்பாடு அவசியமில்லை. அவர் தமிழிலேயே பெயரிடலாம், இடவும் வேண்டும். தம் தகப்பனாரின் உறுதியைத் தேடும் பிள்ளைக்குத் தமிழ்ப் பெயரே வழிகாட்டும். பெயரைச் சுருக்கமாக வைத்து, உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகிய விபரங்களை ஒரு பட்டியலிலே எழுதி, அப்பட்டியலையும் படங்களோடு சேர்த்து இரண்டு இடங்களிலே வைத்துக்கொள்வாராக. பட்டியலைத் திறக்கும் கட்டளையிலே யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுதல் முக்கியம். ஏனெனில் விண்டோஸிலே பைதன் இதுவரை அவ்விடத்தில் அந்தக் கணினிக்குரிய பழைய குறியேற்றத்தையே இயல்பாகக் கொண்டுவந்தது. 3.15 ஆம் பதிப்பு முதல் யூடிஎஃப்-8 தானே இயல்பாயிருக்கும்படி பைதன் மொழியார் தீர்மானித்திருக்கிறார்கள்.