குட்டி போடுவது ஆண் கடல் குதிரை! மண்டபம் டூர் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டி பக்கம் கடலே கிடையாது. அங்கிருந்து ராமேஸ்வரம் டூர் போறவங்க, வழியில் மண்டபத்தில் இறங்கினால் கடல் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் பார்க்கலாம்.

எங்கே இருக்கு?

1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1949-ல் மண்டபத்துக்கு வந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்கு மாறினாலும், ஆராய்ச்சி மையமும் மீன் காட்சியகமும் மண்டபத்தில் தொடர்கின்றன.

கடல் குதிரையில் என்ன ஸ்பெஷல்?

பெயர்தான் குதிரை, செவுளால் சுவாசிக்கும் மீன் இது. பெண், முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் போட்டுவிடும். சுமந்து குட்டிகளை வெளியே விடுவது அப்பாதான்! நீந்துவதில் ரொம்ப மெதுவு. கடற்புல்லை வாலால் பிடித்துக்கொண்டு வாழும். புல் அழிந்தால் இதுவும் அழியும்.

காய்ந்த கடல் குதிரையை வாங்கலாமா?

கூடவே கூடாது. மருந்து, அலங்காரப் பொருள் என்ற பெயரில் இவை கடத்தப்படுகின்றன. அதனால் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். 'ஒண்ணே ஒண்ணுதானே' என்று யாராவது நீட்டினாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

தொட்டிக் கண்ணாடியைத் தட்டாதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.