வெள்ளைப் பைன் போன்சாய் நம்ம ஊரில் பிழைக்குமா?



உயரம் இரண்டு அடி, வயசு நூறுக்கு மேல்! இப்படிப்பட்ட மரத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதுதான் போன்சாய். ஜப்பான் மொழியில் 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. இந்தக் கலை பிறந்தது சீனாவில், பேர் வாங்கியது ஜப்பானில்.

எங்கள் வீதியில் ஒரு அக்கா பொருட்காட்சியில் 'ஜப்பான் வெள்ளைப் பைன்' என்று சொல்லி விற்ற செடியை ஆசையாக வாங்கி வந்தார்கள். மாசி வரைக்கும் பச்சையாகத்தான் இருந்தது. சித்திரையில் ஒரே வாரத்தில் செம்பட்டையாகிப் போச்சு. "நாளும் தண்ணி ஊத்துனேனே" என்று அக்காவுக்கு ஒரே வருத்தம். பைன் மரத்தில் ஒரு சங்கதி உண்டு. வேர் செத்துப்போன பிறகும் ஊசி இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும். அந்த மரம் எப்பவோ போயிருக்கும், நமக்குத் தெரிந்ததுதான் சித்திரையில்.

வெள்ளைப் பைன் ஜப்பானின் மலைகளில் வளர்வது. ஒரு காம்பில் ஐந்து ஐந்து ஊசிகளாக இருக்கும். ஊசியின் ஒரு பக்கம் வெள்ளிக் கோடு போட்டது போல இருப்பதால் மரமே வெளுப்பாகத் தெரியும். (இரண்டு இரண்டாக இருந்தால் அது கறுப்புப் பைன். வாங்கும்போது எண்ணிப் பாருங்கள்.) குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் நல்ல குளிரில் அது தூங்க வேண்டும். தூங்கினால்தான் வசந்தத்தில் மெழுகுவத்தி மாதிரி குருத்து விடும், அதுவும் வருசத்துக்கு ஒரே தடவை. நம்ம மார்கழிப் பனி அதற்குப் போதவே போதாது. தூக்கமில்லாத மரம் இளைத்துக்கொண்டே வரும், அப்புறம் அக்கினி நட்சத்திரம் வந்து முடித்துவிடும். ஊட்டி மாதிரி உறைபனி விழும் இடத்தில் சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் முயன்று பார்க்கலாம். அப்படி வாங்குகிறவர்கள் அடிமரத்தைப் பார்க்க வேண்டும். நம்மூரில் நாட்டு ரோஜா மேல் சீமை ரோஜாவை ஒட்டுக் கட்டுகிறோம் அல்லவா, அதுபோல வெள்ளைப் பைனைப் பெரும்பாலும் கறுப்புப் பைன் வேரில் ஒட்டுக் கட்டுவார்கள். ஒட்டின இடம் வீங்கி, கீழே ஒரு பட்டை மேலே ஒரு பட்டை என்று அசிங்கமாக இருந்தால் வேண்டாம். மண்ணைத் தோண்டினால் வேரில் வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். நோய் என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். அது மரத்துக்குச் சோறு தேடிக் கொடுக்கும் கூட்டாளி.

சரியான இடத்தில் சரியான கை பட்டால் இந்த மரம் எவ்வளவு காலம் வாழும் தெரியுமா? ஜப்பானில் யமாகி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைப் பைனை வளர்த்து வந்தது. அது 1625ஆம் ஆண்டு முதல் சட்டியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் ஊர் ஹிரோஷிமா! 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் சுமார் 3 கிலோமீட்டர்தான் தூரம். கண்ணாடி சன்னல்கள் வெடித்துச் சிதறின. தோட்டத்துச் சுவருக்குள் இருந்த மரங்கள் பிழைத்தன. 1976இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு 53 போன்சாய் மரங்களைப் பரிசாகக் கொடுத்தபோது, மசாரு யமாகி இந்த மரத்தையும் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கே! 2001இல் அவருடைய பேரன்கள் இரண்டு பேர் வாஷிங்டன் போய் மரத்தைப் பார்த்துக் கதையைச் சொன்ன பிறகுதான் அங்கே பராமரித்தவர்களுக்கே விஷயம் தெரிந்தது. 2025இல் அந்த மரம் சட்டியேறி 400 வருடம் ஆனது.

"மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது பாவம் இல்லையா?" என்று என் வகுப்பில் கேட்டார்கள். பட்டினி போட்டால் 400 வருடம் வாழுமா? போன்சாய்க்கென்று தனி விதை எதுவும் கிடையாது. தரையில் நட்டால் அதே மரம் பெரிசாக வளரும். நுனியைக் கிள்ளுகிறோம், சில வருடத்துக்கு ஒரு முறை வேரைக் கொஞ்சம் வெட்டிப் புது மண் வைக்கிறோம், அவ்வளவுதான். நம்ம கொறங்காட்டில் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாக, அடர்த்தியாக நிற்கும் வெள்வேலங்கன்றைப் பாருங்கள். கத்தரிக்கோல் இல்லாத போன்சாய்க்காரர் நம்ம வெள்ளாடுதான்!

அப்போ காங்கேயத்தில் எதை வளர்ப்பது? இச்சி, ஆல், அரசு, புளி, வேலிக் கிளுவை. கிளுவை போத்து நட்டாலே வரும், காய்ந்தாலும் இலையை உதிர்த்துவிட்டுச் சமாளித்துக்கொள்ளும். அரசு இலை பெரிசு, சின்னச் சட்டிக்கு எடுப்பாக இருக்காது. என்னைக் கேட்டால் இச்சிக்குத்தான் முதல் மார்க். இலை சின்னது, வேரை வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது.

கண்ணபுரம் சந்தையில் அப்புச்சிமார் காளை வாங்கும்போது காலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவார்கள். மரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முதலில் வேர் நாலா பக்கமும் பரவி மண்ணைப் பிடித்திருக்கிறதா? அடிமரம் தடித்து, மேலே போகப் போகச் சிறுக்கிறதா? கிளையை அப்புறம் பார்க்கலாம். அது வெட்டினாலும் மறுபடி வரும். கெட்ட வேரைத் திருத்த வருசக்கணக்கில் ஆகும்.

மண் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெறும் செம்மண் போட்டால் ஊற்றின தண்ணீர் இறங்காமல் வேர் அழுகும். செம்மண், ஆற்றுமணல், பட்டாணி அளவு உடைத்த செங்கல் மூன்றையும் சமமாக எடுத்து, தூள் போகச் சலித்து, கொஞ்சம் மக்கிய தொழுவுரம் சேர்த்தால் போதும். சட்டி ஓட்டையில் பழைய கொசுவலைத் துண்டு. விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்ததும் அடி ஓட்டையில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் தேவைப்படும். போர் தண்ணி உப்பாக இருந்தால் சட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணி பிடித்து வைத்தால் நல்லது. கிளையை வளைக்க, மோட்டார் காயில் கட்டும் கடையில் பழைய தாமிரக் கம்பி கேளுங்கள். சுற்றி விட்டு மறந்துவிடாதீர்கள், இச்சி வேகமாகப் பெருக்கும், கம்பி பட்டைக்குள் புதைந்து தழும்பாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நம்ம பள்ளித் தண்ணீர்த் தொட்டிச் சுவர் விரிசலில் ஒரு இச்சிக்கன்று இருக்கிறது, பார்த்தீர்களா? காக்கா போட்ட விதை. அடிமரம் கட்டைவிரல் தடிமன், வேர் செங்கல்லைக் கவ்விப் பிடித்திருக்கிறது. விட்டு வைத்தால் தொட்டி பிளந்துவிடும். சுண்ணாம்பு அடிக்க வரும்போது ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் நாமே எடுத்துவிடலாம். கோடையில் தொடக்கூடாது. ஐப்பசி மழையில் விரிசல் நன்றாக ஊறியதும் உளியால் மெதுவாகக் காரையைத் தட்டி, வேரோடு உருவ வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடியும், துணியால் ஒற்றினால் நின்றுவிடும். பாதி இலையைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஒரு மாதம் வைக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் அய்யா அனுமதி கொடுத்தால், சட்டியும் செங்கல் தூளும் நான் கொண்டு வருகிறேன். உளி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வந்து பேர் கொடுங்கள்.