ரெண்டடி பின்னால் போ

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பொறியியல் முடித்தவர். வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார்கள். அவருக்கோ புகைப்படத்தின் மேல்தான் நாட்டம். கல்யாணப் படம் எடுக்கும் ஒருவரிடம் போய் நின்றிருக்கிறார். "ஆறு மாசம் கூட வாம்மா. மொத மூணு மாசம் கேமராவத் தொடக்கூடாது, லைட்டுதான் பிடிக்கணும்" என்றாராம் அவர். "ஐயா, லைட் பிடிப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரு ஸ்டாண்டில் மாட்டினால் அதுவே நின்றுகொள்ளாதா?" என்று கேட்கிறார் வாசகி.

நின்றுகொள்ளும். எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ சமாச்சாரங்களை நான் இங்கே தொடப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும், யூடியூபில் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வெளிச்சத்தின் ஒரு வினோதக் குணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை நான் கற்றது கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில், பிளஸ் டூ முடித்த விடுமுறையில். கற்றேன் என்பதைவிடப் பட்டேன் என்பது சரி.

அந்த ஸ்டுடியோவில் எனக்கு வேலை, ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் பின்னால் போவது. வயர் ஒரு தோளில், விளக்கு மறு கையில். பத்து நிமிஷத்தில் அதன் தகடு தோசைக்கல்லாகிவிடும். வீடுகளில் கூட்டுப்படம் எடுக்கும்போது முதலாளி என்னைப் பார்த்துச் சொல்லும் ஒரே வசனம், "டேய், ரெண்டடி பின்னால போ." ஏன் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒருநாள் ஒரு அறுபதாம் கல்யாண வீடு. பெஞ்சில் ஒரு வரிசை, தரையில் பேரப்பிள்ளைகள், பின்னால் நாற்காலி மேல் ஏறி நின்றவர்கள் ஒரு வரிசை. அந்தக் கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு பாட்டி. அவர் முகம் மங்கலாக இருப்பது எனக்கே தெரிந்தது. பாவம், வெளிச்சம் விழட்டுமே என்று, முதலாளி படம் எடுக்கப் போகும் நேரத்தில் விளக்கோடு நாலைந்து அடி முன்னால் போய்விட்டேன். உதவி செய்கிற நினைப்பு.

நெகட்டிவைக் கழுவிப் பார்த்தால், முன்வரிசை முகங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி, பாட்டியைக் காணோம். டார்க்ரூமில் முதலாளி, கம்பி நுனியில் ஒட்டிய அட்டை வில்லையைப் பாட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டி, அங்கே கறுப்பு குறையட்டும் என்று, பிரிண்ட் தாளில் அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். இருட்டு சாம்பல் நிறமானதே தவிர, கண்ணும் மூக்கும் வரவில்லை. நெகட்டிவில் விழாததை பிரிண்ட்டில் எங்கிருந்து கொண்டுவருவது? "கிட்ட போனா எல்லாருக்கும் வெளிச்சம்னு நெனச்சியா?" என்றார். அவ்வளவுதான் திட்டு. அதன் உள்ளர்த்தம் எனக்குப் புரியச் சில வருஷங்கள் ஆயின்.

என் அம்மா தோசை வார்ப்பதைப் பார்த்தவனுக்கு அது முதலிலேயே புரிந்திருக்க வேண்டும். ஒரு கரண்டி மாவை ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்தால் ஒரு கனம் வரும். அதே மாவை இரண்டு சாண் அகலத்துக்கு இழுத்தால்? கனம் பாதியாகும் என்றுதான் வாய் சொல்லும். ஆனால் நீளவாக்கிலும் இரட்டிப்பு, குறுக்குவாக்கிலும் இரட்டிப்பு, ஆகவே கால்வாசியாகிவிடும். மூன்று சாணுக்கு இழுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு. விளக்கிலிருந்து புறப்படும் வெளிச்சமும் ஒரு கரண்டி மாவுதான். தூரம் போகப் போக அகலமாகப் பரவி மெலிகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியது இதைத்தான்.

இப்போது அந்தக் கூட்டுப்படத்துக்கு வருவோம். விளக்கு முன்வரிசைக்கு 4 அடியில், பின்வரிசை அதற்கும் 4 அடி தள்ளி என்று வையுங்கள். பின்வரிசைக்குத் தூரம் 8 அடி, அதாவது இரட்டிப்பு. முன்னால் இருப்பவருக்குக் கிடைப்பதில் பாட்டிக்குக் கால் பங்கு. கேமராக்காரர் பாஷையில் இரண்டு ஸ்டாப் குறைவு. விளக்கை 12 அடிக்கு நகர்த்தினால் பின்வரிசைக்கு 16 அடி. இப்போது பாட்டிக்குக் கிடைப்பது பதினாறில் ஒன்பது பங்கு, பாதிக்கும் மேலே. வரிசைகளுக்கு இடையே இருந்த அதே 4 அடி, கிட்டத்து விளக்குக்குப் பெரிய பள்ளம், தூரத்து விளக்குக்குச் சின்ன மேடு. பின்வரிசைக்கு நியாயம் கிடைக்க விளக்கு பின்னால் போக வேண்டும் என்பது இப்படித்தான்.

குடையோ சாஃப்ட்பாக்ஸோ மாட்டிய விளக்கு மிக நெருக்கத்தில் இருக்கும்போது இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது. சில அடி தள்ளிப் போனால் ஏறக்குறைய வழிக்கு வந்துவிடும்.

இதற்கு விலை இல்லாமலா? 4 அடியிலிருந்து 12 அடிக்குப் போனதும் முன்வரிசையிலேயே வெளிச்சம் ஒன்பதில் ஒன்றாகிவிடும். ஃபிளாஷைக் கூட்ட வேண்டும், அல்லது அப்பர்ச்சரைத் திறக்க வேண்டும். இன்னொன்றும் போகும். பக்கத்தில் இருக்கும் விளக்கு முகத்துக்குப் பெரியதாகத் தெரிவதால் நிழல் மெத்தென்று விழுகிறது. தள்ளிப் போகப் போக அது சின்னதாகி, நிழல் கத்தி விளிம்பாகிறது. சூரியனைப் பாருங்கள். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அதற்கு முன்வரிசையும் ஒன்றுதான், பின்வரிசையும் ஒன்றுதான், அவ்வளவு சமத்துவம். ஆனால் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள அது, கையை நீட்டிப் பிடித்தால் நம் சுண்டுவிரல் நகத்துக்குள் மறைந்துவிடுகிறது. அதனால்தான் உச்சி வெயிலில் எடுத்த முகத்தில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள். சமமும் வேண்டும், மென்மையும் வேண்டும் என்றால் பெரிய குடையைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மேகத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

லைட் பிடிப்பவர் இந்தக் கணக்கைக் காலால் போடுகிறார். ஒரு முகூர்த்தத்தில் நூறு தடவை முன்னும் பின்னும் நடந்து, ஒவ்வொரு தடவையும் மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கிறார். கேமராவைக் கையில் வைத்திருப்பவருக்கு ஃபோகஸ், பேட்டரி, மெமரி கார்டில் மிச்ச இடம், குறுக்கே செல்போனை நீட்டும் மாமா என்று ஆயிரம் கவலை. விளக்கோடு நிற்பவருக்கு மட்டும்தான் வெளிச்சத்தைப் பார்க்க நேரம் இருக்கிறது. மண்டபத்திலேயே நல்ல இருக்கை அது, உட்காரத்தான் முடியாது. கெட்டிமேளம் எப்போது என்று தெரிந்துகொள்ள நல்ல படக்காரர் மணமக்களைப் பார்ப்பதில்லை, ஐயர் கையையும் மேளக்காரர் பக்கம் சைகை காட்டும் பெரியவரையும் பார்க்கிறார். அட்சதை போட எல்லோரும் கையைத் தூக்குவதற்கு முன்பே அவர் கால் இடம் மாறியிருக்கும். இது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது?

பாரிஸில் 1923-இல் புகைப்படக் கலைஞர் மேன் ரே தன் டார்க்ரூமுக்கு உதவியாள் தேடியபோது, புகைப்படம் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள்தான் வேண்டும் என்றார். அப்படிப் போய்ச் சேர்ந்த அமெரிக்கப் பெண் பெரெனிஸ் அபாட். பிறகு நியூயார்க் நகரத்தைப் படமெடுத்துப் பெரும்பெயர் பெற்றார். 1958 முதல் பள்ளி இயற்பியல் பாடத்துக்காக அலைகளையும் துள்ளும் பந்தையும் எடுத்தார். மேன் ரே அவரை டார்க்ரூமிலேயே அடைத்து வைக்கவில்லை. தன் ஸ்டுடியோவிலேயே சொந்தப் படங்களை எடுத்துப் பழக விட்டார்.

நம் ஊரில் குறை அங்கேதான். "லைட் பையன்" என்கிறோம்; நாற்பது வயதானாலும் பையன்தான். கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு இலை போடுகிறோம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநருக்கு உதவித்தொகை கொடுக்கச் சொல்கிறது. ஆனால் நாலு பேர்கூட இல்லாத தெருமுனை ஸ்டுடியோவை அது கட்டாயப்படுத்துவதில்லை. படத்தில் பெயரும் கிடைக்காது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா, பின்னாளில் கணவரான மானெக்‌ஷாவிடம் கற்றவர். அவருடைய ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின.

இன்னொரு கோபமும் உண்டு. விளக்கை நகர்த்தச் சோம்பல்பட்டு, "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்கிறார்கள் இப்போது. இருட்டை மென்பொருளில் தூக்கினால் முகத்தோடு புள்ளி புள்ளியாக இரைச்சலும் எழுந்து வரும். அதை வழித்தெடுத்தால் முகம் மெழுகாகிவிடும். பின்வரிசையில் நிற்பவர்கள் யார் என்று நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். வசதி குறைந்த சித்தப்பா, சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அத்தை, மேடையின் நடுவுக்கு யாரும் கூப்பிடாத பாட்டி. மெழுகாவது அவர்கள்தான்.

கும்பகோணத்துப் பாட்டியின் வீட்டார் மறு வருஷம் ஸ்டுடியோவுக்கு வந்தார்களாம், அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லி. சுவரில் மாட்ட வேறு படம் இல்லை. முதலாளி பென்சிலால் கண்ணை வரைந்து கொடுத்திருக்கிறார். நான் அப்போது கல்லூரிக்குப் போய்விட்டிருந்தேன்.

வாசகிக்கு என் பதில்: போங்கள். போவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள். பேருந்துச் செலவும் சாப்பாடும் யார் பொறுப்பு. ராத்திரி முகூர்த்தம் முடிந்தால் வீடு சேர்ப்பது யார். மறுநாள் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் உட்காரலாமா. மூன்றாவதற்கு "வேண்டாம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அவருக்குத் தேவை ஸ்டாண்ட்தான்.

அதுவரை பொறுமை இல்லையென்றால், இன்று ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு மூன்று எலுமிச்சம்பழங்களை ஒரு சாண் இடைவெளியில், ஒன்றை ஒன்று மறைக்காமல் சற்றுச் சாய்ந்த வரிசையாக வையுங்கள். ஒரு செல்போனின் டார்ச்சை முதல் பழத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இன்னொரு செல்போனில் படம் எடுங்கள். பிறகு டார்ச்சோடு ஆறு சாண் பின்னால் போய் இன்னொன்று. முதல் படத்தில் மூன்றாவது பழத்தைத் தேட வேண்டியிருக்கும். பழங்களை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.