பிரஷர் வாஷர்: ஊசித்துளைக் காயம்தானே என்று இருந்துவிடாதீர்!

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் மட்டும் பார்த்த பிரஷர் வாஷர் இன்று கிடங்கு, ஓட்டல், இறைச்சிக் கடை என்று பல இடங்களுக்கும் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது, தண்ணீரும் மிச்சம். ஆனால் அதைக் கையாளும் பணியாளருக்கு அதன் ஆபத்தைச் சொல்லித் தந்திருக்கிறோமா?

கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. 100 பவுண்டு அழுத்தத்தில் பீய்ச்சும் நீரே தோலைத் துளைக்கக்கூடும். சிறிய பிரஷர் வாஷர்களிலேயே 1,400 பவுண்டுக்கு மேல் அழுத்தம் உண்டு.

காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். முதலில் வலியும் அதிகம் இராது. ஆனால் நீரும், அதனுடன் சோப்பு, எண்ணெய், அழுக்கு, கிருமிகளும் தசைநாண் வழியே உள்ளே வெகுதூரம் பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கி, இரத்த ஓட்டம் தடைப்படும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். மஞ்சள் வைத்துக் கட்டுவதும், டி.டி. ஊசி மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்புவதும் போதாது.

அடிபட்டால் உடனே செய்ய வேண்டியவை:

1. மோதிரத்தைக் கழற்றி, கையை உயர்த்திப் பிடித்தபடி, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
2. "பிரஷர் வாஷர் பீய்ச்சிய காயம்" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சோப்புக் கரைசலின் டப்பாவையும் காட்டுங்கள்.
3. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்.

வராமல் தடுக்க:

1. வேலை முடிந்ததும் அதே துப்பாக்கியால் கால், செருப்பு கழுவும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள்.
2. நாசில் மாற்றும் முன் மெஷினை நிறுத்தி, விசையை அழுத்தி, ஓஸில் மிஞ்சியுள்ள அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.
3. விசையைக் கயிற்றால் கட்டி வைக்கக் கூடாது. வெடிப்பு விட்ட ஓஸுக்கு டேப் சுற்றாமல் புதிது மாற்றுங்கள்.
4. கம்பூட்ஸும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். மின்சார மெஷினுக்கு எர்த்தும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் அவசியம்.
5. பெட்ரோல் மெஷினை மூடிய கிடங்குக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

"சின்னக் காயம்தான் முதலாளி" என்று பணியாளர் தயங்கலாம். கூலி போய்விடுமே என்ற பயம் அவருக்கு. வேலையை நிறுத்தி அவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியது கடை முதலாளியின் பொறுப்பு.